2,300 படங்களும் ஒரு பாட்டியும்

நம் வகுப்பில் கேமரா வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "மச்சி, போன வருஷம் கல்ச்சுரல்ஸ்ல எடுத்த படமெல்லாம் என்னாச்சு?" என்றால் ஒரே பதில்தான் வரும். "எடிட் பண்ணிட்டிருக்கேன்டா." அந்த 'பண்ணிட்டிருக்கேன்' இருக்கிறதே, அது என்றைக்குமே முடியாத நிகழ்காலம். நானும் சமீப காலம் வரை அந்தக் கட்சியில்தான் இருந்தேன். கட்சி மாறிய கதையையும், மாறிய பிறகு தோன்றிய சில கருத்துகளையும் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஆயிரக்கணக்கான ரா கோப்புகளை எடிட் செய்ய நமக்கு மாதக்கணக்கில் ஆவதற்கு முக்கியக் காரணம் லேப்டாப் இல்லை. மென்பொருளும் இல்லை. 'இந்தப் படம் வேண்டும், இந்தப் படம் வேண்டாம்' என்று முடிவெடுக்க நமக்கு மனசு வருவதில்லை. அந்த முடிவைத் தள்ளிப்போடுவதற்கு 'எடிட்டிங்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கோபப்படாதீர்கள். முதலில் என் கதையைக் கேளுங்கள்.

வாழைமரத்துக்கு நாற்பது நிமிடம்

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு அண்ணன் இருக்கிறார். ராத்திரி பத்தரைக்குப் போனாலும் இரண்டு தோசை ஊற்றித் தருகிற ஆள். அவருடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம், செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்தில். "தம்பி, நீங்கதான் போட்டோ எடுக்கணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காசு வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். "ஒரு வாரத்துல குடுத்துடறேன்ணா" என்று கூடுதல் பெருந்தன்மையோடு சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கக்கூடாது.

இரண்டு நாள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, முகூர்த்தம், பந்தி என்று சுட்டுத் தள்ளினேன். வந்து எண்ணிப் பார்த்தால் 2,300 சொச்சம். எல்லாம் ரா. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு கோப்பு சராசரியாக 25 எம்பி என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 58 ஜிபி.

முதல் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதல் படம் என்ன தெரியுமா? வாசலில் கட்டியிருந்த வாழைமரம். குலையோடு நன்றாகத்தான் இருந்தது. அதன் பச்சையைக் கொஞ்சம் அடக்கி, வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கி, பின்னால் தெரிந்த பைக்கை அழித்து, மறுபடி பச்சையைக் கூட்டி... நாற்பது நிமிடம். இரண்டாவது படம் அதே வாழைமரம், ஒரு அடி தள்ளி. மூன்றாவதும் வாழைமரம். எது நன்றாக இருக்கிறது என்று தெரியாமல் மூன்றையும் எடிட் செய்தேன்.

இப்படியே போனால் என்ன ஆகும்? ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் என்று தர்மக் கணக்குப் போட்டாலே 2,300 படத்துக்கு 4,600 நிமிடம். அதாவது 76 மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கை அன்றைக்கே போட்டிருந்தால் புத்தி வந்திருக்கும். போடவில்லை. மூன்று மாதத்தில் 160 படம் முடித்திருந்தேன். நடுவில் இன்டர்னல்ஸ், லேப், செமினார் என்று காரணங்களுக்கும் பஞ்சமில்லை. மெஸ்ஸில் அண்ணனைப் பார்த்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அவரும் கேட்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி பதினொன்றேகாலுக்கு போன்.

"தம்பி, அம்மா தவறிட்டாங்க. கல்யாணத்துல நீங்க எடுத்ததுல அம்மா படம் ஒண்ணு இருக்குமா? வீட்டுல ஆதார் கார்டுல இருக்கறதுதான் இருக்கு. காலைல ஃப்ளெக்ஸ்காரரு கடை தொறக்கறதுக்குள்ள வேணும்."

இருக்கும்ணா என்றேன். இருக்கிறதா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. 2,300 படத்தில் நான் ஒழுங்காகப் பார்த்திருந்தது 160. அதில் பாதி வாழைமரமும் தோரணமும்.

லைட்ரூமைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ள ஆரம்பித்தேன். என்னுடையது 8 ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள பழைய லேப்டாப். ஒவ்வொரு படமும் தெளிவாகத் தெரிய ஏழெட்டு விநாடி. ஒன்றரை மணிக்குத்தான் தொள்ளாயிரத்தைத் தாண்டினேன். அதில் பாட்டியே இல்லை. வரவேற்பன்று அவர் மேடைப் பக்கமே வரவில்லை போலிருக்கிறது.

விளக்கு வெளிச்சத்தில் அறைத்தோழன் விழித்துக்கொண்டான். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிடம் பார்த்தான். "ஏன்டா லைட்ரூம்ல தேடற?" என்றான். அவன் லேப்டாப்பில் ஒரு இலவசப் படம் பார்க்கும் மென்பொருளைத் திறந்து, கோப்புறையைக் காட்டி, அம்புக்குறி விசையை அழுத்தினான். படங்கள் சீட்டுக்கட்டு மாதிரி ஓடின. மீதி 1,400 படத்தையும் இருவரும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடத்தில் பார்த்து முடித்தோம். பாட்டி இருந்த படங்கள் 31.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவின் பாதி.

ரா கோப்புக்குள் ஒளிந்திருக்கும் படம்

ரா என்பது உண்மையில் படமே இல்லை. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தை மட்டும்தான் அளக்கும். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வண்ணவடிகட்டி அமைப்பு அது. பெரும்பாலான கேமராக்களில் இன்றைக்கும் அதுதான். மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். 24 மெகாபிக்சல் என்றால் இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகளுக்கு இந்தக் கணக்கு. அதற்கு மேல் நிறம், ஒளி, லென்ஸ் திருத்தம், இரைச்சல் நீக்கம். லைட்ரூமில் ஒரு படத்தைத் திறக்கும்போது பின்னால் நடப்பது இத்தனையும். பாவம், அது என்ன செய்யும்?

ஆனால் கேமராவின் பின்பக்கத் திரையில் மட்டும் படம் உடனே தெரிகிறதே, எப்படி? கேமரா தானே ஒரு ஜேபெக் தயாரித்து ரா கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது. பல கேமராக்களில் அது முழு அளவிலேயே இருக்கும், சிலவற்றில் சிறியதாக இருக்கும். எப்படியானாலும், 'இது வேண்டுமா, வேண்டாமா' என்று முடிவு செய்ய அது தாராளமாகப் போதும். செய்தி, விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் போட்டோ மெக்கானிக் என்ற மென்பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். அது கணக்கே போடுவதில்லை. உள்ளே இருக்கும் ஜேபெக்கை எடுத்துக் காட்டுகிறது.

போட்டோ மெக்கானிக்குக்குக் காசு வேண்டும். ஆனால் ஃபாஸ்ட்ஸ்டோன், எக்ஸ்என்வியூ போன்றவை தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். எக்ஸிஃப்டூல் தெரிந்தவர்கள் ஒரே கட்டளையில் மொத்தக் கோப்புறையிலிருந்தும் உள்ளிருக்கும் ஜேபெக்குகளைப் பிரித்தெடுத்துவிடலாம். லைட்ரூமிலேயே கூட 2017-லிருந்து, இறக்குமதி செய்யும்போது 'உள்ளிருக்கும் முன்னோட்டத்தையே காட்டு' என்று சொல்ல வழி இருக்கிறது. இறக்குமதிப் பெட்டியில் வலது ஓரத்தில்தான் இருக்கிறது. மூன்று வருடமாக அந்தப் பெட்டியைப் பார்க்கிறேன், அதை ஒரு நாளும் தொட்டதில்லை :-)

முதலில் கல் பொறுக்குங்கள்

படங்களைத் தேர்ந்தெடுத்து மீதியை ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் 'கல்லிங்' என்று பெயர். எனக்கு இது அரிசியில் கல் பொறுக்குவது என்றே கேட்கிறது. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடியே கல் பொறுக்குவார். ஒவ்வொரு அரிசியையும் தூக்கிப் பார்த்து 'இது நல்ல அரிசியா' என்று ஆராய்ச்சி செய்வதில்லை. நான் செய்தது அந்த ஆராய்ச்சி.

இப்போது என் வழக்கம் இது:

ஒன்று. முதல் சுற்றில் ஒரு படத்துக்கு இரண்டு விநாடி. வேண்டும் என்றால் 'பி', வேண்டாம் என்றால் 'எக்ஸ்'. லைட்ரூமில் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டால் விசையை அழுத்தியதும் தானாகவே அடுத்த படத்துக்குப் போய்விடும். மவுஸைத் தொடவே வேண்டாம். சந்தேகம் வந்தால் எதுவும் அழுத்தாமல் தாண்டிவிட வேண்டும்.

இரண்டு. இந்தச் சுற்றில் எந்த ஸ்லைடரையும் தொடக்கூடாது. ஒன்றைத் தொட்டால் போச்சு. அங்கேயே நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிடுவோம். வாழைமரம் சாட்சி.

மூன்று. தொடர்ச்சியாகச் சுட்ட படங்களை ஒரு குடும்பமாகப் பார்க்க வேண்டும். தாலி கட்டும்போது விநாடிக்குப் பத்து வீதம் மூன்று விநாடி அழுத்தினால் முப்பது படம். அதில் ஒன்று போதும், ரொம்ப ஆசையென்றால் இரண்டு. முப்பதையும் கொடுத்தால் பார்ப்பவர்கள் எதையுமே பார்க்கமாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2,300 படம், இரண்டு விநாடி வீதம் 4,600 விநாடி. அதாவது 77 நிமிடம். முன்பு சொன்ன அதே 4,600தான், நிமிடம் விநாடியாகிவிட்டது. ஒரு படம் பார்க்கும் நேரம்கூட இல்லை.

எங்கள் ஊரில் ஒரு ஸ்டுடியோ மாமா இருக்கிறார். ஃபிலிம் காலத்து ஆள். ஒரு ரோலுக்கு 36 படம், ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல், மொத்தம் 144. "அதுக்கு மேல எடுத்தா கைக்காசு" என்பார். கழுவியதும் மொத்த ரோலையும் ஒரே தாளில் தபால்தலை அளவில் அச்சடித்து, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவாராம். அவர் முடிவைக் கேமராவைத் தூக்கும்போதே பாதி எடுத்துவிடுவார், பென்சிலைத் தூக்கும்போது மீதி. நமக்கு மெமரி கார்டு கிடைத்ததும் முதல் பாதி போனது. பென்சிலும் போனதும்தான் விபரீதம்.

ஒரு வெளிச்சத்துக்கு ஒரு முடிவு

சரி, கல் பொறுக்கியாயிற்று. என் கணக்கில் 350 படம் தேறியது. இவற்றையாவது ஒவ்வொன்றாக எடிட் செய்ய வேண்டாமா? வேண்டாம்.

ஒரு கல்யாணத்தில் எத்தனை வெளிச்சம் இருக்கிறது என்று யோசியுங்கள். வரவேற்பு மேடையில் ஊதா, இளஞ்சிவப்பு எல்இடி. மாப்பிள்ளை அழைப்பில் ஜெனரேட்டர் விளக்கு. விடியற்காலை வாசல். மணவறையில் ஓமப்புகையும் வீடியோக்காரர் விளக்கும். பந்தியில் டியூப்லைட். எண்ணிப் பார்த்தால் எனக்கு ஒன்பதுதான் வந்தது. 350 படம் இருந்தாலும் எடுக்கவேண்டிய முடிவு ஒன்பது.

ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு படத்தை மட்டும் எடுத்து, ஐந்து நிமிடம் செலவழித்து நிறத்தையும் ஒளியையும் ஒழுங்கு செய்யுங்கள். பிறகு அந்தக் கூட்டம் முழுவதையும் தேர்ந்தெடுத்து 'சிங்க்' கொடுங்கள். ஒரு நொடியில் நாற்பது படமும் மாறும். ஏன் இத்தனை வேகம் என்றால், இந்த மென்பொருள்கள் மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. 'ஒளி இவ்வளவு கூட்டு, நிறம் இவ்வளவு மாற்று' என்று சில எண்களை ஒரு ஓரத்தில் குறித்து வைக்கின்றன, அவ்வளவே. சிங்க் என்பது அந்தக் குறிப்பை நகலெடுப்பதுதான். கேப்சர் ஒன்னிலும் இந்த வசதி உண்டு. காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபியிலும் உண்டு. ஆக, 'என்னிடம் லைட்ரூம் இல்லை' என்பது சாக்கு :-)

ஒரே இடத்தில் எடுத்த படங்களிலும் கேமரா தன் இஷ்டத்துக்கு ஒளியளவை மாற்றியிருக்கும். வெள்ளை வேட்டி வந்தால் இருட்டாக்கும், கறுப்புக் கோட்டு வந்தால் வெளுப்பாக்கும். இதற்கு லைட்ரூமில் 'மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் படித்து, எல்லாப் படத்தையும் நாம் சரிசெய்த படத்தின் அளவுக்குக் கொண்டுவரும். வெளிச்சம் மாறாத இடத்தில் அற்புதமாக வேலை செய்யும்.

இதில் நான் பட்ட ஒரு அடியையும் சொல்லவேண்டும். பந்திப் படங்களில் சிங்க் சுத்தமாகத் தோற்றது. ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்ததில் பாதி இருட்டு. காரணம் என் ஷட்டர், 1/500. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/500-க்குத் தெரியும். 1/100-லோ 1/50-லோ எடுத்திருந்தால் அத்தனை படமும் ஒரே நிறத்தில் வந்திருக்கும். அந்த ஐம்பது சொச்சம் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எடிட்டிங் வேகம் எடுக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கிறது என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்பது வெளிச்சத்துக்கு 45 நிமிடம். பிறகு ஒவ்வொரு படத்திலும் கோணல், ஓரம் வெட்டுவது என்று இருபது விநாடி வீதம் இரண்டு மணி நேரம். கல் பொறுக்கிய நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் நாலு மணி நேரம். பந்தித் தண்டனைக்கு இன்னும் ஒரு மணி. 76 எங்கே, 5 எங்கே!

'நல்ல லேப்டாப் வாங்கினால் போதாதா?'

இதைக் கேட்காத நண்பனே இல்லை. வாங்கினால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? கேட்டலாகும் முன்னோட்டங்களும் எஸ்எஸ்டியில் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ரா கோப்புகள் வெளி வன்தட்டில் இருந்தாலும் பரவாயில்லை. காசில்லாதவர்களுக்கு ஸ்மார்ட் ப்ரிவியூ இருக்கிறது. 2013-லிருந்து லைட்ரூமில் உண்டு. நீளப் பக்கம் 2,560 பிக்சல் அளவில் சிறிய நகல் செய்துகொண்டு அதை வைத்தே எடிட் செய்யலாம். ராத்திரி தூங்கப்போகும் முன் உருவாக்கச் சொல்லிவிட்டால் காலையில் என் பழைய லேப்டாப்கூட ஓடுகிறது.

ஆனால் ஒன்று. வேகமான லேப்டாப் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மூன்று வாழைமரத்தையும் வேகமாக எடிட் செய்திருப்பேன். அடுத்து நாலாவது வாழைமரம். கல் பொறுக்கத் தெரியாதவனுக்குப் பெரிய முறம் கொடுத்து என்ன பயன்?

'ஏஐ வந்துவிட்டதே' என்பார்கள். வந்துவிட்டது. ஆஃப்டர்ஷூட், இமேஜன் போன்றவை கண் மூடிய படம், கலங்கிய படம் எல்லாம் ஒதுக்கித் தருகின்றன, நம் பாணியைப் படித்து எடிட்டும் செய்கின்றன. வருடத்துக்கு ஐம்பது கல்யாணம் எடுப்பவருக்கு அது வரப்பிரசாதம். லைட்ரூமில் 2023-ல் வந்த ஏஐ இரைச்சல் நீக்கமும் அபாரம்தான். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். தேறிய இருபது படத்துக்கு மட்டும் கொடுங்கள், 350-க்கும் கொடுக்காதீர்கள்.

'அப்படியானால் ஜேபெக்கிலேயே எடுத்துத் தொலையேன்' என்பது மூன்றாவது கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் சுயாதீனப் (ஃப்ரீலான்ஸ்) புகைப்படக்காரர்களிடம், ரா கோப்பிலிருந்து செய்த படங்களை அனுப்பவேண்டாம், கேமராவே தரும் ஜேபெக்கை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. நம்பகத்தன்மை ஒரு காரணம், வேகம் இன்னொரு காரணம். கல்லூரி கிரிக்கெட் மேட்ச், கருத்தரங்கம் இதற்கெல்லாம் நானும் இப்போது ஜேபெக்தான். ஆனால் ஊதா எல்இடியும் ஓமப்புகையும் இருக்கும் இடத்தில் ராவை விடமாட்டேன். ஏன் என்று கீழே வருகிறது.

நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. எங்கள் போட்டோகிராபி கிளப் சீனியர் கேட்டார். "நீ சொல்றது ஃபேக்டரி வேலைடா. ஒவ்வொரு படமும் தனி ஆன்மா." எனக்கும் முன்பு இதே எண்ணம்தான். ஆனால் ஒரு கல்யாண ஆல்பத்தில் ஒரே மணவறை பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு நிறத்தில் இருந்தால் அதில் ஆன்மா தெரியாது, குளறுபடிதான் தெரியும். தனியாக உட்கார்ந்து செதுக்கவேண்டிய படங்கள் உண்டு, மறுக்கவில்லை. 350-ல் அவை இருபது இருக்கும். மீதி 330-ல் நேரத்தை மிச்சம் பிடித்தால்தான் அந்த இருபதுக்கு நேரம் கிடைக்கும்.

அந்த ஒரு படம்

பாட்டி இருந்த 31 படத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவற்றில் கூட்டத்தில் ஒரு தலையாக இருந்தார். சிலவற்றில் கண் மூடியிருந்தது. கடைசியில் கிடைத்தது பந்தி முடிந்து எடுத்த ஒன்று. உண்மையில் அது கல்யாணப் பெண்ணை எடுத்த படம். ஃபோகஸ் தவறிப் பெண் மங்கலாகிவிட்டார், பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி மேல் விழுந்திருந்தது. கையில் வெற்றிலை, யாரோ ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிப்பு. ஆனால் நிழலில் இருந்தார். முகம் பாதி இருட்டு.

ரா என்பதால் இரண்டு ஸ்டாப் தூக்க முடிந்தது. கறுத்துப் போயிருந்த கன்னமும் மூக்குத்தியும் வெளியே வந்தன. படத்தில் கால் பங்கை மட்டும் வெட்டினேன். 24 மெகாபிக்சலில் கால் பங்கு என்றாலும் ஆறு மெகாபிக்சல், ஏ4 சட்டத்துக்குத் தாராளம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பினேன். மணி இரண்டே முக்கால்.

உடனே பதில் வந்தது, தூங்காமல்தான் இருந்திருக்கிறார். "சிரிக்கிற படம் தம்பி. இது போதும்."

மறுநாள் நானும் அறைத்தோழனும் ஊருக்குப் போனோம். தெருமுனை ஃப்ளெக்ஸில் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, டீ குடிக்கச் சொன்னார். கிளம்பும்போது கல்யாணப் பெண்தான் வந்து சொன்னார். "ஆயா தெனமும் கேக்கும் தம்பி, போட்டோ வந்துச்சா, போட்டோ வந்துச்சான்னு. என் கல்யாணத்துக்குத்தான் அது ரொம்ப வருஷம் கழிச்சிப் புதுப்புடவை கட்டுச்சி."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. சும்மா சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை.

அந்த வாரமே இரண்டு சாயங்காலத்தில் மீதி வேலையை முடித்துவிட்டேன். மூன்று மாதம் இழுத்த வேலை. பாட்டி தெளிவாகத் தெரிந்த படங்கள் ஏழு. அவற்றை மட்டும் தனிக் கோப்புறையில் போட்டுக் கொடுத்தேன். அவர் பார்க்கவேண்டிய படங்கள் அவை.

அந்த மூன்று மாதமும் என்னிடம் கேட்டிருந்தால் 'தரத்தில் சமரசம் செய்யமாட்டேன்' என்று சொல்லியிருப்பேன். இப்போது யோசித்தால் அது தரமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு படத்தை ஒதுக்கினால் தப்பாகிவிடுமோ என்ற பயம். கொடுத்தால் யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வாழைமரத்தின் பச்சையை அண்ணன் வீட்டில் ஒருத்தரும் கவனிக்கப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது சீக்கிரமாகக் கையில் கிடைக்கிற படம்.

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். 'ஒதுக்கு ஒதுக்கு என்கிறாயே, நீ சொன்ன மாதிரி இரண்டு விநாடியில் பார்த்திருந்தால் பெண் மங்கலாக இருக்கும் அந்தப் படத்துக்கும் எக்ஸ்தானே போட்டிருப்பாய்?' போட்டிருப்பேன். மறுக்கவில்லை. ஏஐ-யிடம் கொடுத்திருந்தாலும் அது முதல் வரிசையில் வைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் கடைசியாக ஒரு விதி வைத்திருக்கிறேன். எக்ஸ் போடலாம், அழிக்கக்கூடாது. குறைந்தது ஒரு வருடத்துக்கு எல்லா ரா கோப்பும் ஒரு வெளி வன்தட்டில் அப்படியே கிடக்கட்டும். ஒதுக்குவது நம் வேலை முடிவதற்காக. நாளைக்கு யாருக்கு எந்த முகம் தேவைப்படும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

உங்கள் லேப்டாப்பிலும் 'எடிட் பண்ணணும்' என்று ஒரு கோப்புறை இருக்கும். எனக்குத் தெரியும். இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்லைடர் எதையும் தொடாதீர்கள். 'பி', 'எக்ஸ்', அம்புக்குறி, அவ்வளவுதான். நாளைக்கே பத்துப் படமாவது உரியவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

பி.கு. 1: கல்ச்சுரல்ஸ் படங்களைக் கேட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கும் வகுப்பு நண்பர்களுக்கு: வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். இந்தத் தடவை நிஜமாகவே.

பி.கு. 2: வாழைமரம் மூன்றில் எதுவும் ஆல்பத்தில் இல்லை.